பற்றும் தீயும்: விழிப்புப் பயிற்சி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஆசிரியன் இல்லை, துறவியும் இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக, நடுவில் மாதக்கணக்கில் கைவிட்டும் மறுபடி தொடங்கியும், பௌத்த மரபின் விழிப்புப் பயிற்சியைச் செய்துவருகிறேன். புதிதாகத் தியானத்தில் உட்காரத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்டவற்றையும், தொடக்கத்தில் நானே பிறரிடம் கேட்டு நச்சரித்தவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

விழிப்புநிலை என்றால் எதையும் நினைக்காமல் இருப்பதா?

இல்லை. பாலி மொழியில் இதற்கு 'ஸதி' என்று பெயர். (தமிழ் முறைப்படி 'சதி' என்று எழுதினால் யாரோ யாருக்கோ குழி பறிப்பதுபோல் ஆகிவிடும். கிரந்த எழுத்தே இருந்துவிட்டுப் போகட்டும்.) வடமொழியில் 'ஸ்மிருதி'. இரண்டுக்கும் வேர்ப்பொருள் நினைவு. 1881-இல் ரைஸ் டேவிட்ஸ் என்ற பாலி அறிஞர் ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று பெயர்த்தார். அந்தச் சொல்தான் இன்று கைபேசிச் செயலிகள்வரை வந்து சேர்ந்திருக்கிறது. வந்த வழியில் 'நினைவு' என்ற பொருள் கொஞ்சம் உதிர்ந்துவிட்டது.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போகிறோம். 'பூட்டினோமா?' என்று சந்தேகம் வந்து திரும்பி ஓடுகிறோம். பூட்டியது நம் கைதான், ஆனால் அந்த நேரத்தில் நாம் அங்கே இல்லை. அப்போது நம்மிடம் இல்லாமல் போன அந்த விழிப்புக்குப் பெயர்தான் ஸதி.

எண்ணங்கள் வரத்தான் செய்யும். இப்பயிற்சியின் அடிப்படை நூலான ஸதிபட்டான சூத்திரம் (புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் 10-ஆவது) உடல், நுகர்வு (இன்ப துன்ப உணர்வு), மனம், மனத்தில் தோன்றும் பொருள்கள் என்று கவனிக்க வேண்டியவற்றை நான்காகப் பிரிக்கிறது. மனத்தைப் பற்றிய பகுதியில், ஆசையோடு இருக்கும் மனத்தை 'ஆசையோடு இருக்கிறது' என்று அறிய வேண்டும், ஆசையில்லாத மனத்தை 'ஆசையில்லாமல் இருக்கிறது' என்று அறிய வேண்டும் என்றுதான் வருகிறது. அடித்து விரட்டு என்று அந்தப் பகுதி சொல்லவில்லை. முதல்முறை படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்த இடம் இது.

'விட்டுவிடு' என்கிறார்களே, எதை விடுவது? வீடு, வேலை, குடும்பம் எல்லாவற்றையுமா?

துறவு பூண்டவர்கள் அவற்றையும் விடுகிறார்கள். மற்றவர்கள் விட வேண்டியது பிடியை. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மீதிக் கேள்விகளில் பாதிக்கு விடை இதில் இருக்கிறது.

துன்பம் எப்படித் தோன்றுகிறது என்பதைப் பௌத்தம் 12 கண்ணிகள் கொண்ட சங்கிலியாகச் சொல்கிறது. மணிமேகலையின் 30-ஆவது காதை அந்த 12-க்கும் தமிழ்ப் பெயர் தருகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். புதிதாகச் சொல் தேடி அலைய வேண்டிய தேவையே நமக்கு இல்லை. இவற்றுள் அன்றாட வாழ்வில் கண்ணுக்குத் தட்டுப்படுபவை நடுவில் இருக்கும் நான்கு. கண்ணோ காதோ ஒன்றைத் தொடுவது ஊறு. அது இனிப்பாகவோ கசப்பாகவோ இரண்டுமில்லாமலோ படுவது நுகர்வு. 'இன்னும் வேண்டும்' அல்லது 'தொலைந்து போகட்டும்' என்று உந்துவது வேட்கை. அதைப் பிடித்துக்கொண்டு 'என்னுடையது', 'எனக்கா இப்படி' என்று கதை கட்டுவது பற்று.

ஊறும் நுகர்வும் நம் கையில் இல்லை. வசைச்சொல் காதில் விழுந்தால் கசக்கும், புத்தருக்கும் முள் குத்தினால் வலிக்கும். பயிற்சிக்கு இடம் இருப்பது நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில்.

பற்று என்பதற்குப் பாலிச் சொல் 'உபாதானம்'. எரிபொருள் என்பதற்கும் அதே சொல்தான். தமிழிலும் பாருங்கள், 'தீப் பற்றியது' என்கிறோம். தீ விறகைப் பற்றியிருக்கிறது, விறகு தீர்ந்தால் அணைகிறது. 'நிப்பானம்' என்ற சொல்லுக்கு அணைதல் என்றே பொருள். ஆக, விடுதல் என்றவுடன் எதையோ தூக்கித் தூர எறியும் வீரச்செயலை நினைக்க வேண்டாம். அடுத்த விறகைப் போடாமல் இருக்கிறோம், அவ்வளவுதான் நடக்கிறது. கேட்க எளிது. போடுகிறோம் என்பதே தெரியாமல் போட்டுக்கொண்டிருப்பதுதான் சிக்கல், அதனால்தான் முதலில் விழிப்பு வேண்டியிருக்கிறது.

அந்த இடைவெளி எனக்குத் தெரியவே இல்லையே?

முதலில் யாருக்கும் தெரியாது. கைபேசியை வைத்துப் பாருங்கள். ஒருவருக்குச் செய்தி அனுப்பியிருக்கிறீர்கள். அவர் பார்த்துவிட்டதற்கான நீலக்குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை. நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சுருக்கம். அதுதான் நுகர்வு, கசப்பு வகை. அரை நொடியில் 'வேண்டுமென்றே செய்கிறார்' என்ற எண்ணம் வருகிறது. ஐந்து நிமிடத்தில் போன வருடத்துப் பழைய கணக்கெல்லாம் வெளியே வந்துவிடுகிறது. எரிவதற்கு விறகு ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துகொண்டே இருக்கிறது.

பயிற்சி என்பது அந்தச் சுருக்கத்தைச் சுருக்கமாகவே ஒருமுறை பார்ப்பது. எங்கே இருக்கிறது? தொண்டையிலா, வயிற்றிலா? வளர்கிறதா, தேய்கிறதா? நான் தொடங்கிய காலத்தில் அரைமணி நேரம் எரிந்து முடிந்த பிறகே 'ஓ, கோபப்பட்டோம்' என்று தெரியவரும். அதுவும் கணக்கில் சேர்த்திதான். பிறகு எரியும்போதே தெரியத் தொடங்கும். எப்போதாவது, பற்ற வைக்கும் முன்பே தெரியும். அந்த 'எப்போதாவது'க்காகத்தான் இத்தனை உட்காருதலும்.

எப்படித் தொடங்குவது?

முதுகு நிமிர்ந்திருக்க உட்காருங்கள், நாற்காலி போதும். மூச்சு உள்ளே வருவதும் வெளியே போவதும் எங்கே நன்றாகத் தெரிகிறதோ அங்கே கவனம் வையுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கவோ நீட்டவோ வேண்டாம். நீண்ட மூச்சு என்றால் நீண்டது என்று தெரிந்தால் போதும், குறுகியது என்றால் குறுகியது என்று. முதல் மாதத்துக்குப் பத்து நிமிடம், நாள்தோறும் ஒரே நேரத்தில். ஆனாபானஸதி சூத்திரம் மூச்சைக் கொண்டு 16 படிகள் சொல்கிறது. முதல் இரண்டு படிகளிலேயே ஓராண்டு போனாலும் நட்டமில்லை.

உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே மனம் எங்கெங்கோ ஓடுகிறது. எனக்கு இது ஒத்துவராதோ?

ஓடுவதுதான் மனத்தின் இயல்பு. சம்யுத்த நிகாயம் என்ற இன்னொரு பாலித் தொகுப்பில் ஓர் உவமை இருக்கிறது. பாம்பு, முதலை, பறவை, நாய், நரி, குரங்கு ஆகிய ஆறையும் பிடித்து, கயிறுகளை ஒன்றாக முடிந்து விட்டால் என்ன ஆகும்? பாம்பு புற்றுக்கு இழுக்கும், முதலை நீருக்கு, பறவை வானத்துக்கு, நாய் ஊருக்குள், நரி சுடுகாட்டுக்கு, குரங்கு காட்டுக்கு. எது அன்று வலுவாக இருக்கிறதோ அதன் பின்னால் மற்றவை இழுபடும். கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் என்ற ஆறும் அப்படித்தான். அவற்றையே ஓர் உறுதியான தூணில் கட்டினால், இழுத்து இழுத்துக் களைத்து, தூணருகே நிற்கும், உட்காரும், படுக்கும். உடல்மீது வைக்கும் விழிப்பே அந்தத் தூண்.

இந்த உவமையில் யாரும் விலங்குகளை அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தூண் அசையாமல் நிற்கிறது, அவ்வளவுதான். மனம் ஓடியது தெரிந்ததும் மூச்சுக்குத் திரும்புகிறீர்கள். பத்து நிமிடத்தில் நாற்பது முறை திரும்பினால் நாற்பது முறை பயிற்சி செய்ததாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒரே எண்ணம் இரவெல்லாம் சுற்றிச் சுற்றி வருகிறது. 'கவனி' என்பது போதவில்லை. வேறு வழி?

உண்டு. வெறுமனே பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பௌத்தம் என்று ஒரு பேச்சு இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மஜ்ஜிம நிகாயத்தின் 20-ஆவது சூத்திரம் இதற்கென்றே ஐந்து வழிகளை வரிசைப்படுத்துகிறது. ஒன்று பலிக்காவிட்டால் அடுத்தது.

முதலாவது, அந்த எண்ணத்தின் இடத்தில் வேறொரு நல்ல எண்ணத்தை வைப்பது. தச்சர் சிறிய ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பை வெளியேற்றுவதுபோல. இரண்டாவது, அந்த எண்ணம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று பார்ப்பது. மூன்றாவது, கண்ணை மூடிக்கொள்வதுபோல அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது.

நான்காவதுதான் எனக்கு அதிகம் உதவியது. வேகமாக நடக்கும் ஒருவன் 'ஏன் இவ்வளவு வேகம்?' என்று மெதுவாகிறான், 'ஏன் நடக்க வேண்டும்?' என்று நிற்கிறான், பிறகு உட்கார்கிறான், பிறகு படுக்கிறான். அதுபோல எண்ணத்தின் உந்துதலைப் படிப்படியாகத் தணிப்பது. இரவு இரண்டு மணிக்கு அலுவலகச் சண்டை ஒன்று தலைக்குள் ஓடும்போது, அதை நிறுத்த முயல்வதில்லை. வசனத்தின் வேகத்தை மட்டும் குறைத்துப் பார்ப்பேன். மெதுவாகச் சொன்னால் பாதி வசனங்கள் சிரிப்பாக இருக்கும்.

ஐந்தாவது, பல்லைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, எண்ணத்தை அமுக்குவது. ஆம், அதுவும் பட்டியலில் இருக்கிறது. கடைசியில் இருக்கிறது.

எனக்கு அநியாயம் செய்தவரையும் விட்டுவிட வேண்டுமா?

எரிச்சலை விடலாம், வழக்கை விட வேண்டியதில்லை.

இரண்டு அம்புகள் பற்றிய சூத்திரம் ஒன்று உண்டு. பயிற்சியில்லாதவன் ஒரு வலி வந்ததும் அதை நொந்து புலம்பி இரண்டாவது வலியையும் சேர்த்துக்கொள்கிறான், ஓர் அம்பு தைத்தவன்மேல் இன்னோர் அம்பும் தைத்ததுபோல. பயின்றவனுக்கு ஓர் அம்பின் வலி மட்டும். முதல் அம்பை எய்தவர் செய்தது சரி என்று அந்தச் சூத்திரத்தில் எங்கும் இல்லை. சம்பளம் தராமல் இழுத்தடிக்கிறார்களா, எழுதிக் கேளுங்கள், புகார் கொடுங்கள். அடிக்கிற கையிடமிருந்து முதலில் விலகுங்கள். வீட்டில் வன்முறையைச் சகித்துக்கொண்டிருப்பவரிடம் 'விட்டுவிடப் பழகு' என்று அறிவுரை சொல்பவர்களைக் கண்டிருக்கிறேன். அது தம்மமும் (புத்தர் போதித்த அறம்) இல்லை, கருணையும் இல்லை.

பற்று போய்விட்டால் பாசமும் போய்விடாதா? பிள்ளைகள்மேல் எப்படிப் பற்றில்லாமல் இருப்பது?

தமிழில் பற்று, பாசம், அன்பு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், அதனால் வரும் குழப்பம் இது. பௌத்தம் அன்பை (மெத்தா) வளர்க்கச் சொல்கிறது. அதோடு கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தலான முதிதா, சமநிலையான உபேக்கை. நான்கும் சேர்ந்தே வரும்.

5-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர் ஒரு நுட்பம் சொல்கிறார். ஒவ்வொரு குணத்துக்கும் தொலைவில் ஒரு பகை, அருகில் ஒரு பகை. அன்புக்குத் தொலைவான பகை வெறுப்பு, அதை எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வார்கள். அருகில் இருக்கும் பகை ஆசை, அது அன்பின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். உபேக்கைக்கு அருகிலிருக்கும் பகை, ஒன்றும் அறியாத அலட்சியம். 'நான் எதிலும் பற்று வைப்பதில்லை' என்று சொல்லிக்கொண்டு வீட்டில் யாருக்கு என்ன உடம்பு என்றுகூடத் தெரியாமல் இருப்பவர் இந்த வகை.

பிள்ளை தேர்வில் தோற்றுவிட்டு வந்து நிற்கிறாள். 'இவளுக்கு எப்படி இருக்கும்?' என்ற கேள்வி முதலில் எழுகிறதா, 'மற்றவர்கள் என்னை என்ன நினைப்பார்கள்?' என்பது முதலில் எழுகிறதா? இரண்டும் எழும். எது எது என்று தெரிந்தால் போதும்.

இறந்துபோனவரை நினைத்து அழுவதும் பற்றா?

அழுங்கள்.

புத்தரின் தலைமைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் மறைந்த பின், கங்கைக்கரையில் உக்கசேலத்தில் பிக்குகள் கூடியிருக்கிறார்கள். அவர்கள் இருவரும் இல்லாததால் இந்தச் சபை வெறுமையாகத் தோன்றுகிறது என்று புத்தர் சொல்வதாகச் சம்யுத்த நிகாயம் பதிவு செய்கிறது. தமக்கு அதனால் துயரம் இல்லை என்பதும், தோன்றியது எதுவும் அழியாமலிருக்க வழியில்லை என்பதும் அதே பேச்சில் வருகின்றன. ஆனாலும் வெறுமையை வெறுமை என்று வாய்விட்டுச் சொன்ன பிறகே அடுத்ததற்குப் போகிறார். புத்தரின் இறுதி நாள்களில், அவருடனேயே இருந்த சீடர் ஆனந்தர் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரை அழைத்து ஆறுதல் சொல்லி, இத்தனை காலம் அன்போடு பணிவிடை செய்தாய் என்று பாராட்டினார் புத்தர்.

துயரத்துக்குக் கெடு வைத்து 'இன்னும் விடவில்லையா?' என்று கேட்பவர்களை மட்டும் தயங்காமல் விட்டுவிடலாம்.

விட வேண்டும் என்று நினைப்பதும் ஓர் ஆசைதானே?

இதைக் கேட்காத ஆளே இல்லை. உன்னாபர் என்ற பிராமணரும் இதே கேள்வியோடு ஆனந்தரை மடக்கினார்: ஆசையால் ஆசையை ஒழிப்பதா, இதற்கு முடிவே இராதே? ஆனந்தர் திருப்பிக் கேட்டார்: இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உங்களுக்கு முதலில் இருந்ததா? இருந்தது. வந்து சேர்ந்த பிறகு? அது தணிந்துவிட்டது.

பாலியில் இந்த நல்ல விருப்பத்துக்குச் 'சந்தம்' என்றும், எரிக்கும் வேட்கைக்குத் 'தண்ஹா' என்றும் பெரும்பாலும் வேறு சொற்களே வழங்குகின்றன. அதற்காக நாம் தப்பித்துவிட்டதாக எண்ண வேண்டாம். 'நான் நன்றாகத் தியானம் செய்கிறேன்' என்பது தண்ஹாவின் புதுச்சட்டை. எனக்கு அது நன்றாகப் பொருந்தியிருந்தது, இரண்டாண்டுகள் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு நேரமே இல்லை. வேலைக்கு நடுவில் செய்யலாமா?

செய்யலாம். நடப்பது, திரும்புவது, கையை மடக்குவது, ஆடை உடுத்துவது, உண்பது, கழிப்பறை போவது, பேசுவது, பேசாமலிருப்பது என்று அனைத்தையும் ஸதிபட்டான சூத்திரமே பட்டியலிடுகிறது. பாத்திரம் கழுவும்போது நீரின் குளிர்ச்சி கையில் தெரிகிறதா? அதுவே போதும். ஆனால் உட்காரும் பத்து நிமிடத்தை முழுவதும் தவிர்க்க இதைச் சாக்காக்கினால் இரண்டுமே நடக்காது. சொந்த அனுபவம்.

இல்லறத்தாருக்கு ஆகாது என்பவர்களுக்கு ஒரு தகவல். இன்று உலகெங்கும் நடக்கும் 10 நாள் விபஸ்ஸனா முகாம்களைப் பரப்பிய கோயங்கா (1924–2013) ஒரு வணிகர். அவருடைய ஆசிரியர் ஊ பா கின் (1899–1971) பர்மா விடுதலையடைந்தபின் அந்நாட்டின் தலைமைக் கணக்காளராக இருந்தவர். கோப்புகளுக்கு நடுவில் செய்ய முடியாது என்று சொல்ல அவரைவிடத் தகுதியானவர் யார்?

எந்த முறை நல்லது?

மூச்சைப் பார்த்து, பிறகு உடல் முழுவதும் உணர்ச்சிகளைப் பார்த்துச் செல்வது கோயங்கா கற்பித்த முறை. வயிறு எழுவதையும் தாழ்வதையும் மனத்துக்குள் பெயரிட்டுக் கவனிப்பது பர்மியத் துறவி மஹாசி சயாதோ (1904–1982) கற்பித்தது. ஒன்றை எடுத்து ஆறு மாதம் மாற்றாமல் செய்யுங்கள். மாதத்துக்கு ஒன்றாக மாற்றினால், மாதம் ஓர் இடத்தில் கிணறு தோண்டுவதுபோல, எங்கும் தண்ணீர் வராது.

இதற்காகப் பௌத்தராக மாற வேண்டுமா?

வேண்டாம். 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நாள்பட்ட வலியுள்ளவர்களுக்காக மதச் சொற்கள் இல்லாமல் ஒரு பயிற்சியைத் தொடங்கினார். இன்றும் அது எட்டு வாரப் பாடமாக நடக்கிறது. ஒன்று மட்டும் சொல்வேன்: புத்தர் காட்டிய எண்வகைப் பாதையில் விழிப்பு எட்டு அங்கங்களில் ஒன்று. பொய் பேசாமை, பிறரைத் துன்புறுத்தாமை எல்லாம் கூடவே இருக்கும். பகலெல்லாம் ஒருவரை ஏமாற்றிவிட்டு மாலையில் அமைதியாக உட்கார முடிகிறதா என்று பாருங்கள்.

ஆபத்து ஏதும் உண்டா?

நாள்தோறும் பத்து நிமிடம் உட்காருவதால் பெரும்பாலோருக்கு முட்டிவலிதான் வரும். நாள் முழுக்க மௌனமாக உட்காரும் தீவிர முகாம்கள் வேறு. சிலருக்குக் கடும் பதற்றம், தூக்கமின்மை, பழைய அதிர்ச்சிகள் திரும்ப எழுவது ஆகியவை நேர்கின்றன. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள், அண்மையில் பெரும் அதிர்ச்சிக்கு உள்ளானவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் அங்கே போக வேண்டாம். 'விடுதல்' பட்டியலில் மாத்திரையைச் சேர்க்கவே வேண்டாம்.

எவ்வளவு நாளில் பலன் தெரியும்?

ஸதிபட்டான சூத்திரத்தின் முடிவில் ஏழு ஆண்டு என்று தொடங்கி, ஆறு, ஐந்து என்று குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஏழு நாள் என்று முடிகிறது. அங்கே பேசப்படும் பலன் முழு விடுதலை அல்லது அதற்கு ஒரு படி முந்தைய நிலை. எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஏழு நாள்காரர் யாராக இருப்பார் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

சரி, நீங்கள் இதுவரை எதை விட்டிருக்கிறீர்கள்?

ஒரு நண்பர் கைமாற்றாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை. நான்கு ஆண்டுகள் அதை நினைக்காத நாள் இல்லை. அவர் பெயர் காதில் விழுந்தாலே வயிற்றில் ஒரு முடிச்சு விழும். அந்த முடிச்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், விட வேண்டும் என்று தீர்மானமெல்லாம் எடுக்கவில்லை. போன ஆண்டு ஒரு திருமண வீட்டில் எதிரே வந்தார். நலம் விசாரித்தேன், அவர் முட்டிவலியைப் பற்றிச் சொன்னார், எனக்கும் உண்டு என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பணம் ஞாபகத்துக்கு வந்தது. அடுத்த வாரம் தொலைபேசியில் அழைத்து, எப்போது தருவீர்கள் என்று கேட்டேன். பாதி வந்திருக்கிறது.